உறைக்குள் நாளிதழ்

நாளிதழ் வந்ததும் டெஸ்மண்ட் அதைப் படிப்பதில்லை, கசக்குகிறார். சனிக்கிழமை காலையில், மலேசியாவின் மாசாய் ஊரிலுள்ள தன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, பன்னிரண்டு துப்பாக்கி உறைகளை வரிசையாக வைப்பார். போன வாரத் தாளை உருவிப் போட்டுவிட்டு இந்த வாரத் தாளை அடைப்பார். தாள் ஈரத்தை இழுத்துக்கொள்ளுமாம், தோலும் சப்பையாகிப் போகாதாம். மரண அறிவித்தல் பக்கத்தை மட்டும் ஒதுக்கிவிடுகிறார். "போனவங்கள அதுக்குள்ள திணிக்கக் கூடாதுலா."

எல்லாம் பழைய ராணுவக் கைத்துப்பாக்கிகளின் உறைகள். தோலில் ஏழு, முரட்டுத் துணியில் ஐந்து. ஜொகூர் பாருவின் பழைய சாமான் சந்தையில் பேரம் பேசி வாங்கியவை. எந்த உறையில் எந்தத் துப்பாக்கி இருந்தது, எந்தப் படை வைத்திருந்தது என்று கேட்டால் மனிதர் சோற்றை மறந்துவிடுவார். துப்பாக்கி மட்டும் ஒன்றுகூடக் கிடையாது. உறைக்கு உரிமம் வேண்டாம். துப்பாக்கிக்கு வேண்டும், அது லேசில் கிடைக்காது. மரத்தில் செதுக்கி வைத்துக்கொள்ளலாமே என்றேன்.

"அலமாக்! போலித் துப்பாக்கிக்கும் உள்ள தூக்கி வச்சிடுவான் சார். பேப்பர்தான் சேஃப்."

அவர் மனைவி டொரத்தி சமையலறையிலிருந்தே குரல் கொடுத்தார். "பன்னெண்டு கூண்டு இருக்கு சார், ஒரு கிளி கெடையாது."

டெஸ்மண்டுக்கு ஐம்பத்திரண்டு வயது. பாசிர் கூடாங் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்பு வேலை. பத்தொன்பது வயதில் படையில் சேரப் போய், கண் பரிசோதனையில் தோற்று வீடு திரும்பியவர். "இப்ப கண்ணாடி போட்டுக்கிட்டு பத்துக்கு எட்டு அடிக்கிறேன். யாருக்குக் காட்ட?" என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்த கையோடு மோட்டார் சைக்கிளில் செடெனாக் பக்கம் கிளம்பிவிடுவார். செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் துப்பாக்கி சுடும் சங்கத்தில் ஒரு பழைய பிரௌனிங் கைத்துப்பாக்கி இருந்தது. எந்த ராணுவமோ கழித்துவிட்டது. கறுப்புப் பூச்சு தேய்ந்து விளிம்பெல்லாம் வெள்ளை இரும்பு தெரியும். புதுத் துப்பாக்கிகளை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார். ஐம்பது தோட்டா சுடுவார், ஒரு மணி நேரம் எண்ணெய் போட்டுத் துடைப்பார். உறுப்பினர்கள் இதை "டெஸ்மண்ட் சம்சாரம்" என்றே சொல்வார்கள்.

போன வருடம் அதற்கு உதிரி பாகம் கிடைக்காமல் போனது. போலீசில் ஒப்படைத்துவிடுவதென்று சங்கம் முடிவெடுத்தது, அங்கே உருக்கிவிடுவார்கள். டெஸ்மண்ட் ஆடிப்போனார். தானே வாங்கிக்கொள்வதாக உரிமத்துக்கு விண்ணப்பித்தார். 'எதற்காகத் துப்பாக்கி தேவை?' என்ற கேள்விக்கு எல்லோரும் தற்காப்பு என்று எழுதுவார்கள். இவர் எழுதியது: 'இதற்கான உறை ஏற்கெனவே என்னிடம் இருக்கிறது.'

மறுப்புக் கடிதம் ஒரே வரியில் வந்தது.

"உண்மையத்தான எழுதினேன்," என்கிறார் இன்னமும்.

துப்பாக்கியை ஒப்படைப்பதற்கு முந்திய கடைசி ஞாயிறன்று நானும் கூடப் போயிருந்தேன். அன்று ஐம்பதையும் நிதானமாகச் சுட்டார். துடைத்து முடித்ததும் பையிலிருந்து பழுப்புத் தோல் உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். ஆயுத அறைப் பொறுப்பாளர் சபாபதியைப் பார்த்தார்.

"அண்ணே, ஒரே ஒரு தடவ."

சபாபதி கதவைப் பார்த்தார், துப்பாக்கி காலிதானா என்று இரண்டு முறை சோதித்தார். "என் கண்ணு முன்னாடியே வைங்க. ரெண்டு நிமிஷந்தான்."

துப்பாக்கி உறைக்குள் சிக்கென்று இறங்கியது. டெஸ்மண்ட் மூடியை மடித்துப் பித்தானைப் போட்டு, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். இரண்டு நிமிடம் முடியும் முன்பே அவராகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமையும் வழக்கம்போல் பாய் விரித்தார். பதினொரு உறைகளில் தாள் ஏறியது. பழுப்பு உறையை மட்டும் திறந்து, உள்ளே தங்கியிருந்த துப்பாக்கி எண்ணெய் வாசத்தை முகர்ந்து பார்த்து, சட்டென்று பித்தானைப் போட்டார்.

"என்னாங்க, இது மிச்சம் இருக்கே," என்று டொரத்தி கடைசித் தாளை நீட்டினார்.

டெஸ்மண்ட் அதை வாங்கித் தொடைமேல் வைத்துச் சுருக்கம் போக நீவினார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார்.