முருகைக்குத் திருநீறு

மூன்றாவது தடவையும் கரு கலைந்த பிறகு என் மனைவி பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். குறைத்துக்கொண்டாள் என்பது வாத்தியார் பாஷை. உண்மையில் நிறுத்திவிட்டாள். "சோறு போடவா", "கதவ சாத்துங்க" என்ற இரண்டும்தான் மிஞ்சின. இனி முயற்சி செய்ய வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஏன் தங்கவில்லை என்று நான் குடைந்து கேட்டதற்கு, சில வேளை காரணம் தெரிவதில்லை என்றார். நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். காரணம் தெரியாது என்று எவன் சொன்னாலும் எனக்கு எரிச்சல் வரும். அவளோ அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு, காரணம் தான்தான் என்று முடிவு கட்டிக்கொண்டாள்.

வீட்டில் உயிருள்ளதாக ஏதாவது இருக்கட்டும் என்று ஒரு கடல்மீன் தொட்டி வாங்கினேன். பிலிமத்தலாவையில் மலைச்சரிவில் வீடு. கடல் எங்கே, நாங்கள் எங்கே. நீர்கொழும்புக்குக் கருவாடு ஏற்றப் போகும் வான்காரர் மாதம் ஒரு தடவை கேன்களில் கடல் தண்ணீர் கொண்டுவந்து இறக்குவார். இறக்கும்போதெல்லாம், "சேர், உப்பு காய்ச்சப் போறீங்களா?" என்று கேட்பார். ஒவ்வொரு மாதமும் அதே பகிடி. ஒவ்வொரு மாதமும் அவரே சிரிப்பார்.

இரண்டு கோமாளி மீன்களோடு, கல்லில் ஒட்டிய ஒரு மென்பவளத்தையும் கண்டி மீன்கடைக்காரர் தந்தார். விரித்த கை மாதிரி இருந்தது. "இது உசிரோட ஈக்கிற முருகைக்கல்லு சேர். சும்மா சும்மா கைய வச்சிராதீங்க" என்றார்.

தொட்டியில் விளக்குப் போட்ட அன்று அவள் அறையிலிருந்து வெளியே வந்தாள். அந்தக் கையின் விரல்களில் சின்னச் சின்னதாக ஏதோ மலர்ந்து அசைந்தன.

"இதுக்கு என்னங்க பேரு?"

"முருகை."

சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிள்ளை வரம் கேட்டு எத்தனையோ சஷ்டி விரதம் இருந்தவள்.

"அடியே, முருகனுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. சின்ன சின்ன உயிருங்க சேந்து வாழுற கூட்டம். அவ்வளவுதான்."

நான் விளக்கியதை அவள் காதிலேயே வாங்கவில்லை. மறுநாள் ஒரு கதிரையை இழுத்துத் தொட்டிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். முதலில் மீன்களைப் பற்றிப் பேசினாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றி. ஒரு நாள் பின்னேரம், ஒரு மீன் இன்னொன்றை விரட்டுவதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். அந்த முருகை உயிரோடு இருக்கும்வரை இவள் பேசுவாள் என்று நான் நம்பிவிட்டேன். விஞ்ஞான வாத்தியார் நம்புகிற விஷயமா இது? ஆனாலும் நம்பினேன்.

நாலைந்து மாதம் நன்றாகப் போனது. பிறகு கல்லின் இடுக்கில் கண்ணாடி மாதிரி மெல்லிய காம்போடு ஒன்று முளைத்தது. "பூ பூத்திருக்குங்க" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஒரு வாரம் நானும் அதைப் பூ என்றுதான் ரசித்தேன். நான் எடுத்துப்போன படத்தைப் பார்த்த மீன்கடைக்காரர் தலையில் கை வைத்தார். "பூவுமில்ல, காயுமில்ல. அது பூ மாதிரி ஈக்கிற ஒரு உசிரு, சனியன் சேர். முருகையைக் கொட்டியே கொல்லும்" என்றார். பிடுங்கினேன். ஒன்று இருந்த இடத்தில் பத்து வந்தன. வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பைக் கரைத்து, ஊசியில் எடுத்து, ஒவ்வொன்றின் வாயிலும் ஏற்றினேன். சில செத்தன. மற்றவை கல்லுக்குள் சுருங்கிக்கொண்டு மறுநாள் எட்டிப் பார்த்தன.

அதோடு பாசியும் பிடித்தது. பச்சை மயிர் போல நீளமாக வளர்ந்து முருகையின் அடியைச் சுற்றிக்கொண்டது. பல் தூரிகையால் தேய்த்தேன். நத்தைகள் வாங்கி விட்டேன். விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்தேன், மீன்களுக்குப் போடும் தீனியைப் பாதியாக்கினேன். தலைகீழாக நின்றாலும் அது குறையவில்லை. பொஸ்பேற்று சோதிக்கும் மருந்தை வாங்கித் தொட்டித் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். நீலமாகியது, இருக்கிறது என்று அர்த்தம். பாசிக்குச் சாப்பாடே பொஸ்பேற்றுதான். யாரோ அதற்குச் சாப்பாடு போடுகிறார்கள். முருகையின் விரல்கள் மூடி நாலு நாளாகியிருந்தது. அவளும் பழையபடி பேச்சைக் குறைக்கத் தொடங்கியிருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் வேளைக்கே விட்டது. வீட்டுக்கு வந்தால், கோயிலில் கொடுத்த காகிதப் பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை திருநீறு எடுத்து, கண்ணை மூடி முணுமுணுத்துத் தொட்டிக்குள் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

"எத்தன நாளா இது நடக்குது?"

"அது வந்த நாள்லருந்து. வெள்ளிக்கெழமைல மட்டுந்தாங்க."

சாணிச் சாம்பல். சாம்பலில் பொஸ்பேற்று உண்டு. குற்றவாளி கையும் களவுமாக அகப்பட்டுவிட்டார் என்று எனக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது. அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில்தான் வாயைத் திறந்தேன்.

"அப்ப நீதான் அத கொன்னுக்கிட்டு இருக்க."

அவள் அழவில்லை. பொட்டலத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள். கதிரையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போனாள். யாரிடம் என்ன சொன்னேன் என்பது கதிரை போன பிறகுதான் எனக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்டிருக்கலாம். முருகை பிழைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு தொட்டியில் திருநீறு விழவில்லை. என் நெற்றியில் பூசிவிடுவதையும் நிறுத்திவிட்டாள். நாலு வெள்ளிக்கிழமைகள் போயின. பாசி அப்படியே இருந்தது. முருகை வெளிறி, குழைந்து, ஒரு காலை கல்லிலிருந்து கழன்று மிதந்தது. எடுத்தபோது வீடெல்லாம் நாறியது. வாழையடியில் புதைத்தேன். அவள் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பத்தாம் வகுப்புக்குப் போனால் நான் முதலில் சொல்லித்தருவது, எதைச் சோதித்தாலும் வெறும் தண்ணீரையும் பக்கத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும் என்பது. மிச்சமிருந்த மருந்தை வீணாக்காமல் அதை ஒருநாள் வீட்டில் செய்து பார்த்தேன். பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீர் ஒரு வாளியில் அவளுடைய திருநீறு ஒரு சிட்டிகை போட்டேன். அதிலிருந்து எடுத்த குழாயில் நிறமே தெரியவில்லை. இன்னொரு குழாயில் எங்கள் கிணற்றுத் தண்ணீர். அது பேனா மைபோல ஆனது.

தொட்டியில் ஆவியாகிற அளவுக்குத் தினமும் ஒரு ஜக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றியவன் நான். இந்தப் பக்கத்திலேயே இது மாதிரித் தண்ணீர் கிடையாது என்று வருகிறவர்களுக்கெல்லாம் பீற்றிக்கொண்ட கிணறு. மேட்டில் காய்கறித் தோட்டம் இருக்கிறது. மழைக்கு உரமெல்லாம் எங்கே இறங்கும் என்று என் மாணவர்களைக் கேட்டாலே சொல்லியிருப்பார்கள்.

இரண்டு குழாய்களையும் குசினிக்குக் கொண்டுபோனேன். அவள் கீரை வெட்டிக்கொண்டிருந்தாள், கட்டு பாதியில் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். அது செத்தது என்னால்தான், நீ போட்டதால் இல்லை என்றேன். அன்று அப்படிப் பேசியது பெரிய பிழை என்றும் சொன்னேன்.

வெட்டுவதை நிறுத்தி நீலக் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு என்னிடம் ஒரு முழு வசனம் பேசினாள்.

"இதுக்கு நான் காரணமில்லன்னு கண்டுபுடிச்சிட்டீங்க. மத்த மூணுக்கும் எதுலங்க பாக்குறது?"

குழாயை என் கையில் திருப்பித் தந்துவிட்டு மிச்சக் கீரையை வெட்டினாள். நான் பின்வாசலுக்குப் போய் இரண்டு குழாய்களையும் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.