விசில் ஊதி மலையேறிய கதை

அதிகாலை ஐந்தரை மணிக்குச் சேலத்திலிருந்து நாமக்கல் வண்டி புறப்பட்டபோது பஸ்ஸின் பின்பாதி முழுவதையும் நாங்களே அடைத்துக்கொண்டிருந்தோம். எட்டுப் பெண்கள், எட்டு முதுகுப்பைகள், இரண்டு கூடாரங்கள், ஒரு சுருள் கயிறு, ஒரு பேராசிரியர். எண்பத்து மூன்றாம் வருடத்து மார்கழிக் குளிர். டிக்கெட் ஆளுக்கு நான்கே முக்கால் ரூபாய். கண்டக்டர் கூடாரக் கம்புகளைத் தாண்டிக் குதித்து எங்களிடம் வந்து சேர்ந்தார்.

"ஏனுங்க அம்மிணி, இத்தன மூட்டையோட எந்த ஊட்டுக் கல்யாணத்துக்குங்க?"

"கல்யாணமில்லீங்க. பரீட்சைங்க" என்றேன்.

"பரீட்சைக்குக் கயிறு எதுக்குங்க?" என்று கேட்டவர் முகத்தில் உண்மையான கவலை இருந்தது.

அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் உடற்கல்விக் கல்லூரியில் கடைசி வருடம். முகாம் தலைமை என்று ஒரு பாடம் உண்டு. ஒரு கூட்டத்தைக் காட்டுக்கோ மலைக்கோ கூட்டிப்போய், ஆள் குறையாமல் திருப்பிக் கொண்டுவரும் வித்தை. வரைபடம் பார்ப்பது, கூடாரம் அடிப்பது, முடிச்சுப் போடுவது, சுளுக்குக்குக் கட்டுக் கட்டுவது எல்லாம் அதில் அடக்கம். பையன்களுக்குச் செய்முறைத் தேர்வு மலையில் நடக்கும். பெண்களுக்கு மட்டும் கல்லூரி ஹாக்கி மைதானத்தில். இந்தக் கோல் போஸ்டிலிருந்து அந்தக் கோல் போஸ்டுக்கு நடந்தால் மலையேற்றம் முடிந்தது. அதில் வழி தவறுவதற்குத்தான் தனித் திறமை வேண்டும்.

எனக்கு இது பொறுக்கவில்லை. துறைத் தலைவர் அறைக்கு நடையாய் நடந்தேன். கடைசியில் தொல்லை தாங்காமல் ஒத்துக்கொண்டார், நிபந்தனையோடு. காரவள்ளியிலிருந்து கொல்லிமலை மேலிருக்கும் சோளக்காட்டுக்கு, தார்ச்சாலையில் அல்ல, பழைய ஒற்றையடிப் பாதையில், பொழுது சாய்வதற்குள் ஏற வேண்டும். தலைவி நான். நான் தேறினால் அடுத்த வருடப் பெண்களுக்கும் மலை. தோற்றால் அவர்களுக்கும் ஹாக்கி மைதானம்தான், இனி யாரும் வந்து கேட்கக் கூடாது.

தேர்வாளர், எங்களோடு வந்த பேராசிரியர் தாமோதரன் சார், சென்னைக்காரர். வழியில் பேச மாட்டார், உதவ மாட்டார். கடைசி ஆளாக நடந்துகொண்டே நோட்டில் எழுதுவார். மதிப்பெண் தாளில் ஐந்து பகுதிகள், விசில் சைகையும் அதில் ஒன்று. எந்த ஒன்றில் சுழியம் வாங்கினாலும் மொத்தமும் போச்சு.

காலை 7.20. நாமக்கல். ஆளுக்கு நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டுக் காரவள்ளி வண்டியில் ஏறினோம். சேந்தமங்கலம் தாண்டியதும் இருபுறமும் மரவள்ளிக் காடு, அதற்குப் பின்னால் மலை நெடுஞ்சுவராக எழுந்து நின்றது. என் பக்கத்தில் ஜமீலா. சேலம் கோட்டைக்காரி, வீட்டில் பாத்திரக் கடை. மலையைப் பார்த்துவிட்டு, "அடியே, இது ஹாக்கி கிரவுண்டை விடக் கொஞ்சம் பெருசா இருக்கே" என்றாள். அவள்தான் என் வரிசையின் கடைசிப் பெண். கெட்டிக்காரி, அதனால்தான் அங்கே வைத்தேன்.

9.10. காரவள்ளி. தார்ச்சாலை இங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகளாகச் சுற்றிச் சுற்றி மேலே போகிறது. ஒற்றையடிப் பாதைக்கு அந்தப் பொறுமை கிடையாது, நேரே ஏறுகிறது. எட்டு கிலோமீட்டர் என்றார் டீக்கடைக்காரர். கால் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை.

நான் முன்னால், பின்னால் ஏழு பேர், கடைசியில் சார். கழுத்தில் விசில். கல்லூரிக் கையேட்டின்படி ஒரு விசில் ஊதினால் நட, இரண்டு விசில் ஊதினால் நில். அந்தக் கையேட்டை எழுதியவரே தாமோதரன் சார்தான். எல்லோரும் மனப்பாடம் செய்து மைதானத்தில் ஒரு வாரம் பழகியிருந்தோம். முதல் இரண்டு மணி நேரம் வெயிலும் நிழலுமாக, என்னைப் பார்த்துக்கொண்டே ஏறினார்கள். நான் கை தூக்கினால் நின்றார்கள், கை காட்டினால் நடந்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. தலைமை என்பது இவ்வளவுதானா என்று நினைத்தேன்.

11.40. பனி இறங்கியது. கொஞ்ச நேரத்தில் எனக்குப் பின்னால் வந்த பெண்ணின் முகம் கூடத் தெரியவில்லை. பாதை ஈரப் பாறையொன்றின் விளிம்பில் போனது. இடதுபுறம் பள்ளம். பத்தடி போயிருப்பேன், எதிரே பாதையைக் காணோம். மழையில் மண் சரிந்து, வழி அப்படியே பள்ளத்துக்குள் போயிருந்தது.

விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினேன். நில்.

நிற்கவில்லை. வேகமாக வந்தார்கள்! இரண்டாவது பெண் என் பையில் வந்து மோதினாள், மூன்றாவது பெண் அவள்மேல். என் செருப்பு நுனியில் கல் பெயர்ந்து, தட்டுத் தட்டென்று கீழே போய்க்கொண்டே இருந்தது. அது விழுந்து முடிந்த சத்தம் கேட்கவே இல்லை.

"நில்லுங்கடி!" என்று கத்தினேன். நின்றார்கள்.

மெல்லப் பின்வாங்கி அகலமான இடத்துக்கு வந்து, அவர்களைத் திரும்பி நடக்க வைக்க ஒரு விசில் ஊதினேன். ஒருத்தியும் அசையவில்லை. நட்டுவைத்த கம்பம்போல நின்றார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"கையேட்டைத் தின்னுட்டா வந்தீங்க? ரெண்டு விசிலுக்கு ஏம்புள்ள நடந்தீங்க?"

பனிக்குள்ளிருந்து ஜமீலாவின் குரல் வந்தது. "அடியே, கண்ணு தெரியலைன்னா காது சொல்றதைத்தானே கால் கேக்கும்? ரெண்டு விசில்னா வண்டி போகும், ஒரு விசில்னா வண்டி நிக்கும். பொறந்ததிலேர்ந்து பஸ்ல அதானே கேக்கறோம்!"

எனக்குச் சுருக்கென்றது. மைதானத்தில் அடுத்து எந்த விசில் வரும் என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். இங்கே தெரியாது. தினமும் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு கல்லூரிக்கு வரும் பெண்களிடம், கண்டக்டர் விசிலைத் தலைகீழாக்கிப் பள்ளத்தின் ஓரத்தில் ஊதியிருக்கிறேன். கையேட்டில் இருந்தது என்பது சாக்கு. கூட்டிவந்தவள் நான், யோசித்திருக்க வேண்டியவளும் நான்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இனிமேல் பஸ் விசில்தான். ஒண்ணு ஊதினா நில்லு, ரெண்டு ஊதினா போ."

கடைசியிலிருந்து, அன்று முதல்முறையாக, சாரின் குரல் கேட்டது. "கையேட்டுல அப்படி இல்லையேம்மா. சைகைப் பகுதிக்கு மார்க் போட முடியாது."

சைகையில் சுழியம் என்றால் மொத்தமும் போச்சு. அடுத்த வருடத்துப் பெண்களுக்கும் போச்சு. ஆனால் அந்தக் கல் கீழே போய்க்கொண்டிருந்த சத்தம் இன்னும் காதில் இருந்தது.

"நீங்க சுழியமே போட்டுக்குங்க சார். இவங்கள நான் முழுசா மேல கொண்டுபோவோணுங்க."

கடைசியிலிருந்து பென்சில் எழுதும் சத்தம் வந்தது.

கொஞ்சம் கீழே இறங்கியதும் பள்ளத்துக்கு எதிர்ப்பக்கம் பாறைக்கு மேலே ஒரு தடம் தெரிந்தது. அதுதானா வழி என்று பார்க்க, ஒரு விசில் ஊதி எல்லோரையும் நிறுத்தினேன். எழுவரும் ஒரே அடியில் நின்றார்கள். பார்த்தால், எதிரே பனிக்குள் எட்டாவதாக ஒருவர் நின்றுகொண்டிருந்தார். தலையில் இரண்டு வாழைத்தார், சந்தைக்கு இறங்கும் மலைக்காரர்.

"ஏனுங்க, நீங்க எதுக்கு நின்னீங்க?"

"நீதான விசில் அடிச்ச தாயி?" என்றார், என்ன கேள்வி இது என்பதுபோல.

சிரிப்பை அடக்கிக்கொண்டு வழி கேட்டேன். சரிவு விழுந்த நாளிலிருந்து எல்லோரும் அந்தப் பாறைத் தடத்தில்தான் போய்வருகிறார்களாம். ஓடை ஒன்று வரும், அதைத் தாண்டினால் பயமில்லை என்றார். இரண்டு விசில் ஊதினேன். நாங்கள் மேலே, அவர் கீழே, எல்லோரும் நடந்தோம்.

வழுக்குப் பாறையில் கயிறு கட்டி ஒவ்வொருத்தியாக ஏற்றினேன். ஒன்று ஊதினால் நின்றார்கள், இரண்டு ஊதினால் வந்தார்கள். ஒரு முறை கூடப் பிசகவில்லை. யாரையும் நான் பார்க்கவில்லை, யாரும் என்னைப் பார்க்கவில்லை, ஆனாலும் எட்டுப் பேரும் ஒரே உடம்பாக ஏறினோம். அந்த மாதிரி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்பு அனுபவித்ததில்லை.

3.35. சோளக்காடு. பனிக்கு மேலே வந்துவிட்டோம், பளீரென்று வெயில். எண்ணினேன், எட்டு. மறுபடி எண்ணினேன், எட்டு. கீழே பனி விலகியதும் சமவெளி முழுவதும் விரிந்தது. ஏரிகள், கரும்புத் தோட்டங்கள், தூரத்தில் ஒரு சின்ன மேடு. அதுதான் எங்கள் திருச்செங்கோட்டு மலை என்று அடித்துச் சொன்னேன். ஒருத்தியும் நம்பவில்லை. எங்கள் ஊரில் அந்த மலையை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவள் நான்.

மறுநாள் காலை 8.15. கூடாரங்களைச் சுருட்டிக்கொண்டு சோளக்காட்டுச் சந்தை அருகே பஸ்ஸுக்கு நின்றோம். மலையை விட்டுக் கிளம்பும் வருத்தமெல்லாம் எனக்கு இல்லை, கண் சாரின் கையிலிருந்த நோட்டிலேயே இருந்தது. சார் நோட்டைத் திறந்தார். நான்கு பகுதிகளின் மதிப்பெண்களை வரிசையாகப் படித்தார், எல்லாம் நன்றாகவே இருந்தன. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சைகை. நேத்து பாறை மேல நீ ஒரு விசில் ஊதினப்போ என் காலும் நின்னுடுச்சும்மா. கையேட்டை எழுதினவன் கால்." நோட்டை மூடினார். "அந்தப் பக்கத்தை நான் மாத்தி எழுதறேன். இருபதுக்குப் பதினெட்டு."

நான் வாயைத் திறப்பதற்குள் ஜமீலா கேட்டுவிட்டாள். "அப்போ அடுத்த வருஷப் பொண்ணுங்க சார்?"

"ஹாக்கி கிரவுண்டுல இனி ஹாக்கி மட்டும் ஆடட்டும்" என்றார் சார்.

எழுவரும் போட்ட கூச்சலில் சந்தை வியாபாரிகள் எழுந்து நின்று பார்த்தார்கள். நான் மட்டும் தலைவி என்ற மரியாதையை எல்லாம் மறந்து, வாழைத்தார்க் குவியல் பக்கம் திரும்பி ஓவென்று அழுதேன்.