கணக்கு வாத்தியார் உருட்டி வந்த சைக்கிள்

சண்டைக் காலத்தில் திருகோணமலை நகரிலிருந்து கப்பல்துறைக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் ஐந்து ஆசிரியர்கள் விடிந்ததும் விடியாததுமாகக் கூட்டமாகச் சைக்கிளில் போவோம். வழியில் ஒரு பொல்லாத ஏற்றம். உச்சியில், அடையாள அட்டை பார்த்து ஆள் விடும் இராணுவத்தின் சென்றி. நாலு பேர் இறங்கி, மூச்சு வாங்க வாங்க உருட்டுவோம். கணக்கு வாத்தியார் மட்டும் இறங்கவே மாட்டார். அதனால் எல்லாருடைய அடையாள அட்டைகளையும் றப்பர் பாண்ட் போட்டு அவரிடம் கொடுத்துவிடுவோம். நாங்கள் ஏறி முடிப்பதற்குள் சோதனையும் முடிந்திருக்கும்.

அவருக்கு இரண்டு பெருமைகள். ஒன்று இந்த ஏற்றம். மற்றது, பள்ளி அதிபர் ஆசிரியர்களின் வரவுப் பதிவு இடாப்பில் ஏழரைக்கு இழுக்கும் சிவப்புக் கோட்டுக்குக் கீழே ஒருநாளும் கையெழுத்து வைக்காதது.

ஒருநாள் அந்தக் கோடு எனக்கும் உயிர்ப் பிரச்சினை ஆனது. நான் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியன். அன்று இடாப்பைப் பார்க்கக் கல்வி அதிகாரி வருகிறார். கோட்டுக்கு மேலே இருந்தால்தான் நியமனத்துக்குப் பெயர் போகும்.

உச்சிக்குப் போனால் மனிதரைக் காணவில்லை! வழக்கமாகக் காத்து நிற்பவர், அன்றைக்கு ஏதோ மறதியில் அட்டைக் கட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பாட்டுப் பாடியபடி இறக்கத்தில் போய்விட்டார். சென்றியில் அப்போதுதான் ஆள் மாறியிருந்தது. "ஐ.சி. இல்லை, போக ஏலாது," என்றான் புதியவன்.

எனக்கு வந்ததே கோபம்! "கணக்குப் படிப்பிக்கிற மனுசனுக்கு அஞ்சு வரைக்கும் எண்ணத் தெரியாதோ?" என்று கத்தினேன். ஆங்கில ரீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்கோ அழுகை முட்டியது.

கொஞ்ச நேரத்தில் மறுபக்க இறக்கத்திலிருந்து ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். கணக்கு வாத்தியார்தான்! பேச மூச்சில்லாமல் அட்டைக் கட்டை நீட்டினார். நான் சேர்த்து வைத்திருந்த ஏச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"என்ர சைக்கிள எடும் தம்பி. உம்மட செயின் கழரும். கெதியாப் போம்!"

யாரையும் தொடவிடாத சைக்கிள் அது. அட்டையைக் காட்டிவிட்டுப் பறந்தேன். நான் கையெழுத்து வைத்து நிமிர, அதிபர் சிவப்புப் பேனையை எடுத்தார்.

மற்ற மூவரும் ஒவ்வொருவராக வந்து கோட்டுக்குக் கீழே வைத்தார்கள். கடைசியாக, கையெல்லாம் கிறீஸோடு அவர் வந்தார். மூவருக்கும் கீழே நிதானமாகத் தன் பெயரை எழுதிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்தச் செயினுக்குக் கொஞ்சம் எண்ணெய் விடும் தம்பி. நாளைக்கும் வரவேணுமெல்லோ."