நீலமாக ஒளிர்ந்த புள்ளி

எனக்கு ரோஷம் அதிகம். பனியன் ஊரில் கடல் ஆராய்ச்சியா என்று யாராவது சிரித்தால், அன்றைக்கு இரண்டு மணி நேரம் கூடுதலாக ஆய்வகத்தில் இருப்பேன். தூத்துக்குடிக் கடலில் அனுமதி வாங்கி எடுத்த கடற்பஞ்சுக்குள் வாழ்ந்த பாக்டீரியா ஒன்றைத் திருப்பூர்க் கல்லூரியில் வளர்த்துக்கொண்டிருந்தேன். அதன் சாறு, புண்ணில் சீழ் பிடிக்கவைக்கும் கிருமியைக் கொன்றது. சாற்றில் எந்தப் பொருள் கொல்கிறது, அது புதியதா என்பதில்தான் என் முனைவர் பட்டமே தொங்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் சாற்றைப் பிரித்துப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தபோது, நீலமாக ஒரு புள்ளி ஒளிர்ந்தது. தேடிய பொருள் இதுதான் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. சலவைப்பட்டறையில் வேலை செய்யும் அப்பா, மகள் புது மருந்து கண்டுபிடித்துவிட்டாள் என்று பட்டறை முழுக்கச் சொல்லிவிட்டார்.

அடுத்த வாரம், மேசை துடைத்த பனியன் வேஸ்ட் துணி தற்செயலாக அதே விளக்கின் கீழ் கிடந்தது. அதே நீலம். வடிதாள் அடைத்துக்கொள்கிறதே என்று, சாற்றை அந்தத் துணியில்தான் வடிகட்டியிருந்தேன். எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் அந்தத் துணிதான்.

"வெள்ளத் துணிக்கு என்னங்ப்பா போடுவீங்க?" என்று அன்று மாலை அப்பாவிடம் கேட்டேன்.

"வொயிட்னர் கண்ணு. பளிச்சுன்னு தெரியோணுமில்ல."

துணியைப் பளிச்சென்று காட்டும் அந்த வொயிட்னர்தான் புற ஊதா விளக்கில் நீலமாக ஒளிர்ந்தது, துணியிலிருந்து சாற்றிலும் கலந்துவிட்டது என்று சொன்னேன்.

"அப்ப நீ கண்டுபுடிச்சது நான் போட்டதா கண்ணு?"

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் உடனே தெரிந்திருக்காது. மறுநாள் காலையில் வழிகாட்டிப் பேராசிரியையிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "கிருமியக் கொல்றதும் அந்தத் துணிதானான்னு பாத்தியா?" என்று மட்டும் கேட்டார். நான் கேட்கப் பயந்த கேள்வி அது.

மறுபடியும் முதலிலிருந்து வளர்த்தேன். துணி படாமல் சாறு எடுத்தேன். கிருமி பரப்பிய தட்டில் ஒரு பக்கம் துணி ஊறிய நீரும், இன்னொரு பக்கம் புதிய சாறும் வைத்தேன். மறுநாள் துணிநீர்ப் பக்கம் கிருமி மண்டிக் கிடந்தது. சாற்றைச் சுற்றி மட்டும் கிருமி அண்டாத சுத்தமான வட்டம். கொன்றது என் பாக்டீரியாதான். அந்தப் பொருளைத் தனியாக எடுத்து, புதியதுதான் என்று உறுதிசெய்ய அதற்குப் பிறகு இரண்டு வருடங்கள் ஆயின. ஆனால் அந்த வட்டம் தந்த அளவு பெருமையை நான் அதுவரை அனுபவித்ததில்லை.

வட்டத்தைப் பார்த்த கையோடு அப்பாவை அழைத்தேன். "பட்டறைல இப்பத் தைரியமாச் சொல்லுங்ப்பா," என்றேன்.

"மொத சொன்னது தப்புன்னு அப்பவே சொல்லிப்போட்டேன் கண்ணு. என்ற புள்ளையே அதக் கண்டுபுடிச்சு, அவளே போயிச் சொல்லிப்போட்டான்னு, அன்னிக்கே எல்லாத்துக்கும் டீ வாங்கிக் குடுத்துட்டேன்."