லூர்து அக்காவின் வெள்ளி ரிப்போர்ட்

சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு லூர்து அக்காவின் எண்ணிலிருந்து எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. வெள்ளிக்கிழமை என்றால் வரத்தான் செய்யும். காலை ஷிப்ட் முடிந்ததும் நேராக ஈப்போவுக்குப் போய், அன்று வந்த புதுப்படத்தைப் பார்த்துவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில் படம் எப்படி என்று பேசி அனுப்புவார். கேட்பதற்கு முன்பே மூன்று பேர் கட்டைவிரல் போட்டுவிட்டார்கள். நானும் அவர்களில் ஒருவன். பிறகுதான் பதிவை ஓடவிட்டேன். பேசியது அக்கா இல்லை, அவருடைய மகள் ஸ்டெல்லா.

"அம்மா இன்னிக்குக் காலையில தவறிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னாங்க, வண்டி வரதுக்குள்ள முடிஞ்சிருச்சு. அவங்க போன்ல இந்த குரூப்புதான் முதல்ல இருந்துச்சு. அதான் இதுல சொல்றேன்."

போட்ட கட்டைவிரலை எப்படி எடுப்பது என்று தெரியாமல் நான் கொஞ்ச நேரம் போனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மற்ற இருவரும் அதையேதான் செய்திருப்பார்கள்.

அக்காவை அறியாதவர்களுக்காக இதைச் சொல்ல வேண்டும். லூர்துமேரி என்பது முழுப்பெயர். வயது ஐம்பத்தொன்பது, என்னைவிட மூன்று வயது மூத்தவர். இளம் வயதில் ரப்பர் தோட்டத்தில், மரத்தைக் கீறிப் பால் வெட்டினார். தோட்டம் வீடுகளாக மாறியதும், செமோர் பக்கம் உள்ள ரப்பர் கையுறைத் தொழிற்சாலைக்கு வந்தார். "மரத்துல இருந்து பாலை எடுத்தேன். இப்ப அதே பாலு கிளவ் ஆகி என்கிட்டயே வருது. விடமாட்டேங்குது லா" என்பார், மலேசியத் தமிழுக்கே உரிய அந்த 'லா'வோடு. சோதனை அறையில் அவர் மேசையும் என் மேசையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, பதினேழு வருடம்.

எங்கள் வேலை எளிது. ஒரு கையுறையைத் தொங்கவிட்டு, அதில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, இரண்டு நிமிடம் பார்க்க வேண்டும். எங்காவது ஒரு துளி கசிந்தால் அது ஓட்டை. பெரும்பாலான ஓட்டைகள் ஊற்றிய உடனே தெரிந்துவிடும். அதனால் என்னைப் போன்றவர்கள் ஒன்றரை நிமிடத்திலேயே கழற்றிவிடுவோம். அக்கா மட்டும் கடைசி வினாடி வரை கண்ணை எடுக்க மாட்டார். சினிமாவையும் அந்தக் கண்ணால்தான் பார்த்தார். அவருடைய தீர்ப்புகள் இரண்டே வகை: "ஓட்டை இருக்கு", "ஓட்டை இல்ல". குழுவுக்கு 'வெள்ளி ரிப்போர்ட்' என்று பெயர் வைத்ததும் அதனால்தான்.

பெரிய நாயகன் ஒருவரின் அடிதடிப் படம் வந்தபோது ஈப்போவே அமளிதுமளிப்பட்டது. முதல் காட்சியில் விசில் சத்தத்தில் வசனமே கேட்கவில்லை. அன்று மாலை அக்காவின் பதிவு வந்தது: "நாப்பது பேரை ஒருத்தன் அடிக்கிறான். சரி, அடிக்கட்டும், கதாநாயகன்தானே. ஆனா அந்த நாப்பது பேரும் ஏன் லா ஒவ்வொருத்தனா வரான்? மத்தவன்லாம் பெரட்டுக்கு நிக்கிற மாதிரி வரிசையில நிக்கிறான். பேரு கூப்பிட்டாத்தான் வருவானா?" தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்க வரிசையாக நிற்க வைப்பதுதான் பெரட்டு. அதற்குப் பிறகு எந்தச் சண்டைக் காட்சியையும் என்னால் முழு மரியாதையோடு பார்க்க முடிந்ததில்லை.

பேய்ப்படம் ஒன்றுக்கு நானும் கூடப் போனேன். அரங்கமே அலறியது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஆள் பாப்கார்னை என் மடியில் கொட்டிவிட்டார். அக்கா அசையவில்லை. வெளியே வந்து சொன்னார்: "பேய் வரதுக்கு முன்னாடி எனக்குப் பயம் தம்பி, நெசமாவே பயம். கதவு தொறந்து கெடந்துச்சு பாரு, அப்ப கைகால் உதறிருச்சு. பேய் வந்துச்சு, பயம் போயிருச்சு. அவ்வளவு மேக்கப் போட்டா அப்புறம் அது பேய் இல்ல, கல்யாணப் பொண்ணு." எத்தனையோ விமர்சனங்களைப் பத்திரிகைகளில் படித்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக யாரும் எழுதியதில்லை.

ஒரு வாரம் அவர் அரங்கு எண்ணைத் தவறாகப் பார்த்து, கேண்டனீஸ் படம் ஓடும் அரங்கில் போய் உட்கார்ந்துவிட்டார். அக்காவுக்குக் கேண்டனீஸில் மீன் விலை கேட்கத் தெரியும், அவ்வளவுதான். எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை. "அந்த அம்மா சாப்பாட்டு மேசையில நாலு கிண்ணம் வைக்கிறா. வீட்டுல இருக்கிறது மூணு பேர். நாலாவது கிண்ணத்துக்கு மட்டும் கறி வைக்கிறப்ப கொஞ்சம் மெதுவா வைக்கிறா. மகன் செத்துட்டான்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் படத்துல சொல்றாங்க. ஓட்டை இல்ல." மொழி தெரிந்து அந்தப் படத்தைப் பார்த்த எங்கள் மேற்பார்வையாளர் ஆ வெனிடம் இதைச் சொன்னேன். அவர் கிண்ணங்களை எண்ணவே இல்லையாம்.

எல்லாரும் திட்டிய ஒரு நகைச்சுவைப் படத்தை அக்கா மட்டும் தூக்கிப் பிடித்தார். அரங்கில் மொத்தமே எட்டுப் பேர். "சிரிச்சேன். ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல. சிரிப்பு வந்தப்புறம் காரணம் எதுக்கு?" என்றார். குழுவில் பெரிய வாக்குவாதமே நடந்தது. ஊர் என்ன சொல்கிறது என்பதை அவர் ஒருபோதும் காதில் போட்டுக்கொண்டதில்லை. அதுதான் எனக்குப் பிரமிப்பு. அதுவே ஒரு நாள் எனக்கு வலித்தது.

இப்போது என் கதையைச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இந்த அஞ்சலி எழுதினால் அதில் ஓட்டை இருக்கும்.

நான் அவ்வப்போது கதை எழுதுகிறவன். நம் ஊர் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறிய படம் எடுத்தார்கள். கதையும் வசனமும் நான். குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தோட்டத்துப் பெண், மூன்றாம் நாள் மறுபடியும் பால் வெட்டப் போகிறாள். அழுதுகொண்டே வெட்டுகிறாள். படத்தின் உயிர் அந்தக் காட்சி. அது என் கற்பனை இல்லை. பல வருடங்களுக்கு முன்னால் தொழிற்சாலைக் கேண்டீனில் ஒரு மழை நாளில் அக்கா எனக்குச் சொன்ன அவருடைய வாழ்க்கை. எட்டு மாதப் பெண் குழந்தை. பெயர் ரோசலின். எழுதலாமா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம்தான் காரணம்.

செமோரில் மிச்சமிருந்த பால்மரங்களுக்கு நடுவே அந்தக் காட்சியை எடுத்தோம். முன்பு பால் வெட்டிய ஒருவரை அழைத்துவந்து மரங்களில் பால் வடியும் சாய்வுக் கோட்டைச் சரியாகப் போட்டுத்தான் எடுத்தோம். படத்தொகுப்பில்தான் சிக்கல் வந்தது. இந்தக் காட்சியில் நடிகை இடது பக்கம் பார்க்கிறார், அடுத்ததில் வலது பக்கம் பார்க்கிறார், ஒட்டவில்லை. தொகுப்பாளர், கண்ணாடியில் தெரிவதுபோல் காட்சியை இடம் வலமாகத் திருப்பிவிட்டார். மரத்திலிருந்த கோடும் திரும்பிவிட்டது. "பரவாயில்லையா அண்ணே?" என்று என்னைக் கேட்டார். "யாருக்குத் தெரியப்போகுது, விடுங்க" என்று சொன்னவன் நான்தான்.

படம் ஈப்போவில் ஒரு வாரம் ஓடியது. அந்தக் காட்சியில் அரங்கம் முழுக்க மூக்கை உறிஞ்சும் சத்தம். வெள்ளிக்கிழமை அக்கா வந்து பார்த்தார். குழுவில் பதிவு வரவில்லை. "என்ன அக்கா, ரிப்போர்ட் எங்கே?" என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். திங்கட்கிழமை சோதனை அறையில், கையுறையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே என் பக்கம் திரும்பாமல் பேசினார்.

"அந்தப் பொண்ணு கோடு மாத்தி வெட்டுறா தம்பி. இடது பக்கம் மேல இருக்கணும், வலது பக்கம் கீழ இறங்கணும். அப்பத்தான் பாலு நல்லா வரும். உளியை இடது கையில பிடிச்சிருக்கா. சரி, இடது கைக்காரியா இருந்துட்டுப் போகட்டும். ஆனா இடது கைக்காரியும் அப்படி வெட்ட மாட்டா."

"அவ அழுதுக்கிட்டு வெட்டுறா அக்கா. கை தவறாதா?"

"தவறாது லா. கண்ணே தெரியாம அழுதேன் நானு. கோடு சரியாத்தான் இருந்துச்சு."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மாட்டிக்கொண்டவனுக்கு வருகிற கோபம். "ஊரே அழுதுச்சு. உங்களுக்கு மட்டும்தான் கோடு கண்ணுக்குத் தெரிஞ்சுதா?" என்றேன்.

"ஊரு அழட்டும். என்னால அழ முடியலயே. அதான் சொல்றேன்."

தன் கதையை ஏன் கேட்காமல் எடுத்தாய் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. எந்தப் படத்தையும் தாட்சண்யம் பார்க்காதவர், என் படத்தைப் பற்றிக் குழுவில் வாய் திறக்காமல் இருந்ததும் என்னைக் காப்பாற்றத்தான். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை. மூன்று வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன், கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு. அவர் கொண்டுவந்த பலகாரத்தை என் மேசையில் வைப்பார். நான் தொட மாட்டேன். ஐம்பத்தாறு வயதுக்கு அது அழகில்லைதான்.

ஒரு நாள் என் முன்னால் ஒரு கையுறை தொங்கிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் ஒன்றரை நிமிடத்தில் கழற்றப் போனேன். அக்கா பக்கத்திலிருந்து பார்ப்பது தெரிந்ததும் வீம்புக்காகக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு நிமிடம் ஐம்பது வினாடியில், சுண்டுவிரல் நுனியில் கடுகளவு ஒரு துளி திரண்டது. இத்தனை வருடத்தில் இதுபோல் எத்தனையை அனுப்பிவைத்தேனோ தெரியவில்லை. அக்கா தன் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டார். அன்று மாலையே தொகுப்பாளருக்குப் போன் செய்து, அந்தக் காட்சியைப் பழையபடி திருப்பச் சொன்னேன். "நடிகை எதிர்ப்பக்கம் பார்க்கிற மாதிரி ஆயிடுமே அண்ணே" என்றார். ஆகட்டும் என்றேன்.

திருத்திய படத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், சிம்பாங் பூலாயில் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள தேவாலய மண்டபத்தில் போட்டோம். எதை மாற்றினோம் என்று யாரிடமும் சொல்லவில்லை. முதலில் அக்காவிடம் போய், கேட்காமல் எழுதியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "போ லா, போய் ஃபேனைப் போடு, வேகுது" என்றார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை பார்த்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மற்றவர்கள் வந்து என் கையைக் குலுக்கினார்கள். நடிகை எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பதை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை பதிவு வந்தது. அவர் அனுப்பியதிலேயே நீளமானது. முதலில் என்னைக் கிழி கிழி என்று கிழித்தார். பாட்டு எதற்கு, கங்காணி ஏன் காது கிழியக் கத்துகிறார், வசனம் பேசியே கொல்கிறாயே என்றெல்லாம் கேட்டார். குழுவில் எல்லாரும் சிரித்துத் தள்ளினார்கள். பிறகு, "அப்புறம் அந்த மரம் வெட்டுற இடம்" என்றார். நிறுத்திவிட்டார். பஸ் ஒன்று வந்து நிற்கும் சத்தம் கேட்கிறது. யாரோ மலாயில் வழி கேட்கிறார்கள். பஸ் கிளம்பிப் போகிறது. அது அக்கா ஏற வேண்டிய பஸ்தான் என்று அடக்கத்தன்று ஸ்டெல்லா என்னிடம் சொன்னாள். அன்று அம்மா அடுத்த பஸ்ஸில்தான் வீட்டுக்கு வந்தாராம்.

அவரிடமிருந்து நான் தனியாகப் பத்திரப்படுத்தி வைத்திருப்பது அந்தப் பதிவு ஒன்றுதான். சோதனை அறையில் இப்போதெல்லாம் இரண்டு நிமிடமும் முழுதாகக் காத்திருக்கிறேன், அதையும் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு நான் கேட்பது பதிவின் கடைசிப் பகுதியைத்தான். பஸ் போன பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு அக்கா சொல்கிறார்:

"ஓட்டை இல்ல தம்பி. எனக்குத்தான் லா ஒழுகிருச்சு."