காய்ச்சல் விட்ட மறுநாள்

அந்த மனிதர் பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர். டைபாய்டு காய்ச்சலோடு எங்கள் மூன்றாம் வகுப்பு வார்டில் மூன்று வாரம் கிடந்தார். அந்தக் காலத்தில் அதற்கென்று மருந்து கிடையாது. நான் நர்ஸாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. எல்லாம் தெரிந்தவள் என்ற நினைப்பு மட்டும் ஏகத்துக்கு இருந்தது.

சூடு இறங்கிய அன்று, பார்க்க வந்த அவர் மனைவியிடம் நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். "காய்ச்சல் விட்டிருச்சுக்கா." அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்த சந்தோஷத்தில் மீதியைச் சொல்லவில்லை. டைபாய்டு குடலைப் புண்ணாக்கிவிடும். காய்ச்சல் விட்டபிறகும் பல நாள் பாலும் கஞ்சித் தண்ணீரும்தான். ஒரு பருக்கை உள்ளே போகக் கூடாது. நம் வீடுகளிலோ காய்ச்சல் விட்டது என்றால் உடனே ரசம் சோறுதான். நானும் அப்படி வளர்ந்தவள்தானே, எனக்கு எப்படி உறைக்காமல் போனது? இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஆயர் ஈத்தாமில் அண்ணன் வீட்டில் தங்கியிருந்த அவள், மறுநாள் டிராமில், வெளிச் சாப்பாட்டை வாசலில் தடுப்பார்கள் என்று ரசம் சோற்றுக் கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுவந்திருக்கிறாள். நான் வார்டின் மறுகோடியில் யாருக்கோ கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். முடித்து வந்தபோது காலிக் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"முழுசும் சாப்பிட்டாரு மிஸ்ஸி. நல்லாக் கரைச்சுத்தான்லா குடுத்தேன்," என்றாள். நர்ஸுகளை இந்த ஊரில் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

அடுத்த நாள் காலையில் அவர் வயிறு பலகையாக இறுகியிருந்தது. டாக்டர் தொட்டுப் பார்த்தார். குடலில் ஓட்டை விழுந்துவிட்டது, இந்த உடம்பு கத்தியைத் தாங்காது, ஒரு நாள் தாண்டினாலே அதிகம் என்றார். வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

போகப்போகிறவருக்குத் தண்ணீரை ஏன் மறுக்க வேண்டும்? எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கும் என் வாய் அன்றைக்குத் திறக்கவில்லை.

"ஒரு வாய் தண்ணி குடும்மா தங்கச்சி," என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஈரப் பஞ்சால் உதட்டைத் துடைத்தேன். அதற்கு மட்டும் அனுமதி உண்டு. அவர் பஞ்சைக் கடித்து உறிஞ்சினார். நான் பிடுங்கினேன். டாக்டர் சொன்னது தப்பாக இருந்து, ஒருவேளை அவர் பிழைக்கிற ஆளாக இருந்தால், இந்தத் துளியால் போய்விடுவாரோ என்ற பயம். செய்வதும் தப்பு, செய்யாததும் தப்பு என்று பட்டது.

மனைவி தம்ளரோடு பக்கத்தில் நின்றாள். "ரெண்டு சொட்டு மிஸ்ஸி?"

"வேணாம்க்கா."

சோறு கொடுத்ததால் வந்த வினை என்று யாரோ அவளிடம் சொல்லியிருந்தார்கள். அதனால் மறுபேச்சுப் பேசாமல் நான் சொன்னதைக் கேட்டாள். தப்பு என்னுடையது என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தைரியம் இல்லை.

மறுநாள் மதியம் அவர் போய்விட்டார். அவர் கண்களை மூடிவிட்டேன். அவள் அழவில்லை. தம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இப்பக் குடுக்கலாமா மிஸ்ஸி?"

"குடுங்கக்கா," என்று சொல்லி, அவர் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.