இரண்டு கோட் பெயிண்ட்

ஒயரின் நுனியை முன்பல்லில் வைத்து ஒரு கடி, ஒரு இழு. ரப்பர் தோல் உரிந்து செம்புக் கம்பி பளிச்சென்று வெளியே வந்துவிடும். தோலைத் துப்பிவிட்டு எஸ்றா அடுத்த ஒயரை எடுக்கிறார். தோலுரிக்கும் குறடு அவரிடம் இல்லாமல் இல்லை. துபாயிலிருந்து மச்சான் கொண்டுவந்தது, பெட்டிக்குள் உறை பிரிக்காமல் கிடக்கிறது. இத்தனை வருஷக் கடியில் அவருடைய முன்பல்லில் ஒயர் பருமனுக்கு ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. சிரித்தால் தெரியும். ஆனால் எஸ்றா சிரிப்பது அபூர்வம்.

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில், வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிற அவருடைய தகரக் கொட்டகை. பாதி நாள் காரும் லாரியும், மீதி நாள் விசைப்படகுகள். வண்டிக்காரர் பக்கத்தில் நின்றால் எஸ்றாவுக்கு வேலை ஓடாது. "டீ குடிச்சிட்டு வாங்க" என்பார். குடித்துவிட்டு வந்தவரிடமும் அதையேதான் சொல்வார். கருகிய ஒயரை மூக்கருகே கொண்டுபோய் முகர்வார், கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் யோசிப்பார், பிறகு தீர்ப்பு வரும்: "வயர் சும்மா கெடாது. எவனோ கை வச்சிருக்கான்." பாம்பன் பக்கமிருந்து வருகிற படகானாலும் சரி, பக்கத்துத் தெரு ஆட்டோவானாலும் சரி, அவருடைய உலகத்தில் ஒவ்வொரு பழுதுக்கும் பின்னால் ஒரு 'எவனோ' உண்டு. அந்த எவனோ ஒருநாளும் எஸ்றாவாக இருந்ததில்லை.

போன வருஷம் டயானா ஒரு பழைய மாரிஸ் மைனரைக் கொண்டுவந்து நிறுத்தினார். டயானா துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் ஏஜென்ட். கறாரான ஆள், இந்தக் கார் ஒன்றில்தான் கோட்டைவிட்டார். கூரையைப் பின்னால் மடித்துவிட்டு வானத்தைப் பார்த்தபடி போகிற வண்டி. இந்த ஊர் வெயிலில் கூரையைத் திறந்துகொண்டு போக ஒரு தைரியம் வேண்டும் என்று கொட்டகையில் எல்லாரும் சிரித்தார்கள். எஸ்றா சிரிக்கவில்லை. அவருக்குக் கண் வண்டியிலேயே இருந்தது. எலி தின்ற ஒயர்களை மொத்தமாக உருவிப் போட்டார். "மேல தொறந்த வண்டி, உப்புக் காத்து உள்ள பூந்துரும்" என்று சொல்லி, படகுக்கு அடிக்கிற கெட்டிப் பெயிண்டை வாங்கி, உள்தகரம் முழுக்க இரண்டு கோட் அடித்தார். ஒரு போல்ட் ஓட்டையைக்கூட விடவில்லை. காய்ந்த பிறகு புது ஒயர் இழுத்தார். அந்த வேலையைப் பார்க்க ஆட்களைக் கூட்டிவந்து காட்டியதும் உண்டு.

இல்லாத சாமான்களைத் தேடிக் கொடுத்தவர் எட்டயபுரம் ரோட்டில் பழைய உதிரிபாகக் கடை வைத்திருந்த மாசானம். எஸ்றாவின் பழைய சிநேகிதர், வயதில் கொஞ்சம் மூத்தவர். 'இல்லை' என்கிற சொல் அவர் வாயில் வராது. "ரெண்டு நாள் பொறு" என்றுதான் வரும். கோயம்புத்தூர், மதுரை என்று பழைய இரும்புக் கடைகளில் புகுந்து ஹாரன் கொண்டுவந்தார், வைப்பர் மோட்டார் கொண்டுவந்தார், டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவே நிற்கிற 'கட்-அவுட்' பெட்டியும் கொண்டுவந்தார். ஒவ்வொன்றையும் கடை பேட்டரியில் வைத்து ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் கொடுத்தார்.

காரில் மாட்டினால் கொஞ்ச நாள் நன்றாக இருக்கும். பிறகு ஹாரன் சளி பிடித்த குரலில் முனகும். வைப்பர் பாதிக் கண்ணாடியில் நின்று யோசிக்கும். எஸ்றா சாமானை மாற்றுவார், அதுவும் சோர்ந்து போகும். ஒருநாள் கீழவைப்பாரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போய்த் திரும்பிய டயானாவுக்கு, பொழுது சாய்கிற நேரத்தில் முன்விளக்கு இரண்டும் மங்கி அணைந்தன. பக்கத்தில் இருந்தவர் செல்போன் டார்ச்சை வெளியே நீட்டிப் பிடிக்க, ஊர்ந்து ஊர்ந்து வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் எஸ்றா ஹாரனைக் கழற்றிக்கொண்டு நேரே மாசானம் கடைக்குப் போனார். சாலையில் நாலு பேர் நிற்க, உரக்கவே கேட்டார். "டூப்ளிகேட்டக் குடுத்து என் பேரக் கெடுத்துட்டீயளே, அண்ணாச்சி."

"இங்கன பேட்டரி இருக்கு. வச்சுப் பாத்துட்டுப் பேசுடே" என்றார் மாசானம்.

எஸ்றா வைத்துப் பார்க்கவில்லை. ஹாரனைக் கடைப் படியில் போட்டுவிட்டு வந்தார். அன்றைக்கே மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவும் போட்டார். எஸ்றா சொன்னால் இந்த ஊரில் மறுபேச்சு இல்லை. 'டூப்ளிகேட் மாசானம்' என்கிற பேர் ஒட்டிக்கொண்டது, கடைக்கு ஆள் வருவது நின்றது. இப்போது பாதிக் கடையில் வேறொருவர் பரோட்டாக் கல் போட்டிருக்கிறார். மீதிப் பாதியில் மாசானம் சாமான்களுக்கு நடுவே சும்மா உட்கார்ந்திருக்கிறார்.

போன வாரம் ஒரு மத்தியானம். டயானாவை வழக்கம்போல் டீ குடிக்க அனுப்பிவிட்டு, முன்விளக்கு சுவிட்சைப் போட்டு வைத்துக்கொண்டு எஸ்றா எஞ்சின் பக்கம் குனிந்திருந்தார். கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் வழுக்கியது. பேட்டரியின் எர்த் முனையில் தண்டு சாய்ந்து நிற்க, நுனி பக்கத்துத் தகரத்தின் பெயிண்டைப் பிறாண்டிக்கொண்டு இறங்கியது. இரண்டு விளக்கும் பளீரென்று எரிந்தன.

எஸ்றா ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். விளக்கு மங்கியது. மறுபடி வைத்தார். எரிந்தது. 

காரில் விளக்குக்குப் போகிற கரண்டு, பேட்டரிக்குத் திரும்பி வருவது வண்டியின் தகரம் வழியாக; நடுவில் பெயிண்ட் நின்றால் வழி அடைபட்டுவிடும். படகில் அப்படி இல்லை. போக ஒரு ஒயர், வர ஒரு ஒயர். அதனால் படகில் எந்த இரும்பின்மேல் எவ்வளவு பெயிண்ட் அடித்தாலும் கேள்வி கிடையாது. எஸ்றாவுக்கு இந்த வித்தியாசம் தெரியாதா? தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் பெயிண்ட் டப்பாவைத் திறந்த கை படகுக்காரக் கையாக இருந்துவிட்டது. ஒயரைத் தகரத்தோடு சேர்க்கிற எர்த் போல்ட்டைப் பெயிண்டின் மேலேயே வைத்து முடுக்கியிருந்தார். போல்ட்டின் மரை வழியே ஏதோ கொஞ்சம் கரண்டு கொஞ்ச நாள் ஓடியது. உப்பு இறங்கியதும் அதுவும் போயிற்று. எர்த்தை அவர் சோதிக்காமலும் இல்லை. தான் முடுக்கிய போல்ட், பளபளவென்று இறுக்கமாக இருந்தது. அதற்கு மேல் அவர் பார்க்கவில்லை.

ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றிச் சுரண்டினார். எல்லாவற்றின் அடியிலும் அவருடைய இரண்டு கோட். சுரண்டி முடுக்க முடுக்க, செத்துக் கிடந்தவை ஒவ்வொன்றாக உயிர் பெற்றன. வேறு நாளாயிருந்தால் மனிதர் துள்ளியிருப்பார். அன்றைக்கு ஒவ்வொன்று ஓடும்போதும் அடி வாங்கியவர் போல நின்றார். அத்தனை சாமானும் நல்ல சாமான். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று யாராவது தேற்றலாம். சறுக்கிய ஆனை மாசானத்தின்மேல் அல்லவா விழுந்திருக்கிறது!

இன்னொன்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. பார்த்தவர் ஒருவரும் இல்லை. போல்ட்டுகளை மூடிவிட்டுச் சாவியைக் கொடுத்தால் கதை முடிந்தது.

டயானா வந்தார். எரிகிற விளக்கைப் பார்த்து முகம் மலர்ந்தது. "கடைசில மாசானம் குடுத்த எந்தச் சாமான்ல வினை இருந்துச்சு, அண்ணே?"

 எஸ்றா துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

"சாமான்ல ஒண்ணுமில்லம்மா. எல்லாம் நான் அடிச்ச பெயிண்டு."

டயானா உடனே புரிந்துகொள்ளவில்லை. புரிந்ததும் அவருடைய சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று. "அப்ப அந்த அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டார்.  எஸ்றா அந்த நாளில் வேறு வண்டியைத் தொடவில்லை.

மறுநாள் சாயங்காலம் பரோட்டாக் கல் சூடேறுகிற நேரமாகப் பார்த்து எட்டயபுரம் ரோட்டுக்குப் போனார். ஊர் மெக்கானிக்குகள் பாதிப் பேர் அங்கே கூடுகிற நேரம் அதுதான். மொபெட்டின் முன்னால் ஒரு பேட்டரி. அதை இறக்கி மாசானம் கடைப் படியில் வைத்தார். பெஞ்சில் இருந்தவர்கள் வாயில் வைத்த பரோட்டாவோடு பார்த்தார்கள். இரண்டாவது சண்டை என்றே நினைத்திருப்பார்கள்.

"அண்ணாச்சி, அந்த ஹாரன் கெடக்கா?"

 மாசானம் எழுந்து உள்ளே போய், ஒரு சாக்குக்கு அடியிலிருந்து எடுத்துவந்து நீட்டினார். விழுந்த இடத்தில் நெளிந்திருந்தது.  எஸ்றா படியில் குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு ஒயரைப் பேட்டரியில் கொடுத்து, நுனியை ஹாரனில் வைத்து அழுத்தினார்.

எட்டயபுரம் ரோடே திரும்பிப் பார்க்கிற சத்தம். பரோட்டா மாஸ்டர் மாவை விட்டுவிட்டு வெளியே வந்தார். எதிர்க் கடைக்காரர்கள் வந்தார்கள். பேருந்து ஒன்று வேகம் குறைத்துப் போயிற்று. மாசானத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

"போதும்டே, விடு" என்றார்.

எஸ்றா தலை நிமிரவில்லை. கையையும் எடுக்கவில்லை.